கரீபியனில் முதல் டைவ்: நடுவில் எழுந்து நிற்க முடிகிற கடலாகப் பாருங்கள்

தண்ணீருக்கு அடியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் 'பிரமாதம்' என்று பொருள் இல்லை. 'நான் மேலே போகிறேன்' என்று பொருள். நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். சிலிண்டர் காற்றோடு கடலுக்கடியில் இறங்குகிற ஸ்கூபா டைவிங் வகுப்பில் முதல் நாளே சொல்லித்தந்தது இது. தேர்விலும் சரியாக எழுதியிருந்தேன். ஆனால் மெக்சிகோவின் கோசுமெல் தீவில், 16 மீட்டர் ஆழத்தில், நீரோட்டம் என்னைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும்போது, வழிகாட்டி திரும்பிப் பார்த்து 'எப்படி இருக்கிறாய்' என்று கையால் கேட்டார். நாற்பது வருடப் பழக்கம், கட்டைவிரல் தானாக எழுந்துவிட்டது. அவர் என் அழுத்தமானியைப் பார்த்தார். 200 பார் அழுத்தத்தில் தொடங்கிய சிலிண்டர் காற்று 25 நிமிடத்தில் 70-க்கு வந்திருந்தது. தலையை ஆட்டிவிட்டு, என் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போக ஆரம்பித்தார். மற்ற ஏழு பேரும் கீழே ஆமை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படகில் ஏறி உட்கார்ந்து அவர்களுக்காக அரை மணி நேரம் காத்திருந்தபோது வந்த வெட்கம் இன்னும் நினைவிருக்கிறது. பிறகு யோசித்தால், அந்தக் கட்டைவிரல் பொய் சொல்லவில்லை. உள்ளுக்குள் எனக்கு மேலே போகத்தான் வேண்டியிருந்தது. போதும் என்று சொல்லத்தான் தெரியவில்லை.

நான் நாமக்கல் பக்கத்து ஆள். கடலை முதன்முதலில் பார்த்தது கல்லூரிச் சுற்றுலாவில். நீச்சல் கற்றது தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைப்புருடை கட்டிக்கொண்டு. (ஸ்கூபாவில் மிதக்கவும் அமிழவும் போட்டுக்கொள்கிற காற்றுச் சட்டையை 'பிசிடி' என்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் அதைச் சுரைப்புருடை என்றுதான் விளக்குவேன், உடனே புரிந்துவிடும்.) பிழைப்புக்கு ஹூஸ்டன் வந்து, நாற்பது தாண்டிய பிறகு டைவிங் கற்றேன். இங்கிருந்து கரீபியன் பக்கம் என்பதால் விடுமுறைக்கு அங்கேதான் போவது. இப்போது என் மனைவியும் டைவ் செய்கிறார். நண்பர்கள் வட்டத்தில் யாராவது கற்றுக்கொள்ள நினைத்தால் போன் எனக்குத்தான் வரும். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எந்தத் தீவுங்க ரொம்ப அழகு?"

தொடக்கக்காரருக்கு அது கேள்வியே இல்லை. கரீபியனில் அழகில்லாத தீவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நீங்கள் கேட்க வேண்டியது, நடுவில் 'போதும்' என்று தோன்றினால் எவ்வளவு சுலபமாக வெளியே வரலாம் என்பதுதான். டைவிங்கில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் டைவை முடிக்கலாம். அந்தச் சட்டத்தைச் சில இடங்களில் கடலே மதிக்கும். சில இடங்களில் மதிக்காது.

ஆழம் எவ்வளவு வேண்டும்?

ஓப்பன் வாட்டர் என்கிற முதல் நிலைச் சான்றிதழ் வாங்கியவருக்கு எல்லை 18 மீட்டர். சான்றிதழே இல்லாமல் ஆசிரியரோடு ஒரு தடவை இறங்கிப் பார்ப்பவருக்கு 12 மீட்டர். கேட்டால் குறைவு போலத் தெரியும். ஆனால் பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரு மடங்கு. அதனால் சிலிண்டரில் உள்ள காற்றும் இரு மடங்கு வேகத்தில் தீரும். இருபது மீட்டரில் மூன்று மடங்கு. புதியவர்கள் பதற்றத்தில் ஏற்கெனவே கொல்லன் துருத்திபோல மூச்சு வாங்குவார்கள். எட்டு மீட்டரில் 50 நிமிடம் வரக்கூடிய அதே சிலிண்டர், 16 மீட்டரில் 35 நிமிடத்திலேயே காலியாகும். நான்தான் சாட்சி.

இன்னொன்று, ஆழம் போகப் போக நிறம் செத்துவிடும். முதலில் போவது சிவப்பு. பவளப்பாறையின் பகட்டும் மீன் கூட்டமும் பெரும்பாலும் மேல் பன்னிரண்டு மீட்டருக்குள்தான். ஆகவே ஆழம் குறைந்த தீவைத் தேர்ந்தெடுப்பதால் நீங்கள் எதையும் இழக்கப்போவதில்லை.

அதைவிட முக்கியம், அடித்தளம் எப்படி இருக்கிறது என்பது. கரையிலிருந்து மெல்லச் சரிகிற மணல் தரையா, அல்லது படகிலிருந்து குதித்ததும் காலுக்குக் கீழே நீலம் மட்டும்தானா? சரிவாக இருந்தால் காதுக்கும் நல்லது. இறங்கும்போது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதின் அழுத்தத்தைச் சமன் செய்துகொண்டே போக வேண்டும். தலை தண்ணீருக்குள் போனதுமே தொடங்க வேண்டும், வலி வந்த பிறகு அல்ல. வலித்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி செய்ய வேண்டும். சரிவான கரையில் இதை அடி அடியாக, மாடிப்படி இறங்குவதுபோலச் செய்யலாம். நடுக்கடலில் எட்டுப் பேர் ஒன்றாகக் கல்லைப் போல் இறங்கும்போது, "எனக்கு மட்டும் காது திறக்கவில்லை" என்று நிற்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். கூச்சத்தில்தான் செவிப்பறை கிழிகிறது.

தெளிந்த தண்ணீரும் ஏமாற்றும். நான் சான்றிதழ் வாங்கியது ஆஸ்டின் பக்கத்து லேக் டிராவிஸ் ஏரியில். அங்கே கையை நீட்டினால் விரல் தெரிந்தால் நல்ல நாள். கரீபியனில் முப்பது மீட்டர் தெரியும். "அதோ பக்கத்தில்தானே" என்று ஒரு பாறையைப் பார்த்து இறங்கினால், கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டர் ஆழம் 20 மீட்டர் என்று காட்டும். கண்ணை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

கோசுமெல் ஏன் முதல் ஊர் அல்ல

ஹூஸ்டன்காரர்கள் எல்லோரும் முதலில் கோசுமெலுக்குத்தான் டிக்கெட் போடுவார்கள். விமானம் பக்கம், செலவு குறைவு, செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். பவளப்பாறையும் உண்மையிலேயே அபாரம். 1996-லிருந்து அது பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. நான் பிறகு இரண்டு முறை போய் வந்திருக்கிறேன், இன்னும் போவேன்.

ஆனால் அங்கே டைவ் என்றால் நீரோட்டத்தோடு மிதந்து போவது. படகு உங்களை ஓரிடத்தில் இறக்கிவிட்டு, நீங்கள் விடும் காற்றுக் குமிழைப் பார்த்துக்கொண்டே பின்னால் வரும். பழகியவர்களுக்கு அது சொர்க்கம். காலை அசைக்காமலே காட்சி நகரும். புதியவருக்கோ, கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் 'கொஞ்சம் நில்லுங்கள்' என்று சொல்ல வழியில்லை. நின்றால் குழு போய்விடும். பிடித்துக்கொள்ளலாம் என்றால், பவளத்தைத் தொடக் கூடாது.

எனக்கு இன்னொரு தவறும் நடந்தது. அமிழ்வதற்காக ஏரியில் நான் கட்டிக்கொண்ட ஈய எடையையே அங்கேயும் சொன்னேன். உப்புத் தண்ணீர் அதிகமாகத் தூக்கும் என்பதை மறந்துவிட்டேன். இறங்க முடியாமல் தக்கைபோல் மிதந்தேன். படகிலிருந்தவர் அவசரத்தில் கூடுதலாகவே எடையைத் திணித்தார். அப்புறம் கீழே போய்க்கொண்டே இருந்தேன். அதைச் சமாளிக்கச் சட்டையில் காற்றை ஏற்றி, இறக்கி, ஏற்றி, அதிலேயே பாதிச் சிலிண்டர் போயிற்று. கூட்டிப்போன டைவ் கடையைக் குறை சொல்லிப் பயனில்லை. என் கடைசி டைவ் எப்போது, எங்கே என்று அவர்கள் கேட்கவில்லை என்பது உண்மைதான், ஆனால் நானும் சொல்லவில்லை.

கோசுமெல்தான் போவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பாரடைஸ் ரீஃப் போன்ற 12, 14 மீட்டர் இடங்களை மட்டும் கேளுங்கள். வழிகாட்டியை உங்களுக்கு மட்டும் தனியாக அமர்த்திக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் வடக்குக் காற்று அடித்தால் துறைமுகத்தையே மூடிவிடுவார்கள் என்பதால் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பொனேர்

அடுத்த வருடம் மனைவியோடு போனது பொனேர். வெனிசுவேலாவுக்கு எதிரே இருக்கிற சின்ன டச்சுத் தீவு. புழக்கத்தில் இருப்பது அமெரிக்க டாலர். ஹூஸ்டனிலிருந்து வாரம் ஒரு நேரடி விமானம் இருந்தது.

தொடக்கக்காரருக்கு இந்தத் தீவு ஏன் பொருந்துகிறது என்றால், வருடம் முழுக்க கிழக்கிலிருந்து காற்று வீசும். அதனால் தீவின் மேற்குக் கரை மறைவில் இருக்கும். அநேக நாட்களில் குளம் மாதிரி. அந்தக் கரையை ஒட்டியே பவளப்பாறை. நீந்தினால் சில நிமிடம். முதலில் மணலும் கடல் விசிறிகளும் உள்ள ஆழமில்லாத மேடை, பத்து மீட்டர் வாக்கில் சரிவு தொடங்கும். டைவ் இடங்கள் எண்பதுக்கு மேல். சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் அடித்த கல்லில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். வாடகைப் பிக்கப்பில் சிலிண்டரைப் போட்டுக்கொண்டு, கல்லைப் பார்த்து நிறுத்தி, நடந்து கடலுக்குள் போய்விடலாம். படகு இல்லை, அட்டவணை இல்லை, உங்களுக்காக யாரும் காத்திருக்கவும் இல்லை.

மனைவிக்கு அப்போது சான்றிதழ் கிடையாது. ஆசிரியரோடு ஒரு அறிமுக டைவ் மட்டும் பதிவு செய்திருந்தோம். விடுதி முன்னாலேயே இறங்குகிற இடம், மணல் தரை, மார்பளவுத் தண்ணீர். முட்டி போட்டு, தலையை உள்ளே விட்டு, வாயில் கவ்வுகிற ரெகுலேட்டர் வழியாக மூச்சு விட்டுப் பழக வேண்டும். நான்கு நிமிடம் போனது. மாஸ்க்கில் கொஞ்சம் தண்ணீர் கசிந்தது. அவ்வளவுதான், விருட்டென்று எழுந்து நின்றுவிட்டார். ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்து, "ஏங்க, போதுமுங்க. எனக்கு இது வேண்டாம்" என்றார்.

ஆசிரியர் நெதர்லாந்துப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "சரி" என்று சொல்லி, சிலிண்டரைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தார். மதியம் மாஸ்க்கை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, நெற்றியில் ஒட்டியிருந்த முடியை விலக்கி மாட்டிக் காட்டினார். கசிவுக்குக் காரணம் இரண்டு முடிதான். சாயங்காலம் நாலரை மணிக்கு மனைவி தானாகவே, "இன்னொரு வாட்டி பாக்கட்டுமா?" என்றார்.

அன்று ஆறு மீட்டர் வரை போனார். நான் பின்னால். கீழே நொறுக், நொறுக் என்று யாரோ முறுக்குக் கடிப்பதுபோல் சத்தம். என்ன என்று கண்ணாலேயே கேட்டார். கிளிமீன் பாறையைக் கடித்துத் தின்கிற சத்தம் அது. பச்சையும் இளஞ்சிவப்புமாக முழங்கை நீளத்துக்கு ஒன்று. கடித்துவிட்டுச் சற்று நகர்ந்து, பின்னாலிருந்து வெள்ளை மணலாகக் கொட்டியது. கடற்கரை மணலில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான் என்று கரையேறிய பிறகு ஆசிரியர் சொன்னதும், மனைவி காலில் ஒட்டிய மணலைத் தட்டத் தொடங்கினார்.

காலையில் எழுந்து நிற்க முடிந்ததால்தான் சாயங்காலம் இறங்க முடிந்தது. இதே நான்கு நிமிடம் நடுக்கடலில் நடந்திருந்தால் எங்கள் வீட்டில் டைவிங் என்ற பேச்சே அதோடு முடிந்திருக்கும்.

பொனேரிலும் தொல்லைகள் உண்டு. பல இடங்களில் கரை மணலாக இருக்காது, உடைந்த பவளக் கல்லும் கூர்ப் பாறையும்தான். முதுகில் சிலிண்டரோடு அதில் நடப்பது வழுக்குப் பாறையில் தண்ணீர்க்குடம் தூக்குவது மாதிரி. தடித்த அடியுள்ள காலணி கட்டாயம். ஒற்றைக் காலில் நின்று ஃபின் என்கிற கால் துடுப்பை மாட்டப் பார்க்காதீர்கள், நான் மாட்டி முழங்காலில் மூன்று தையல். அலை ஓய்கிற இடைவெளி பார்த்து இடுப்பளவு போங்கள், சட்டையில் காற்றை ஏற்றி மல்லாந்து மிதந்துகொண்டு ஃபின் போடுங்கள். கல் இடுக்கில் கறுப்பு முள்ளாகத் தெரிவது கடல் முள்ளெலி, கை ஊன்றும் முன் பாருங்கள். கடுகு நிறத்தில் நுனி வெளுத்து இருக்கும் பவளத்தின் பக்கமே போக வேண்டாம். அது நெருப்புப் பவளம், பட்டால் செந்தட்டிச் செடி உரசியதுபோல் எரியும். கையுறைக்கு அங்கே அனுமதி இல்லை. கையுறை இருந்தால் எல்லோரும் எல்லாவற்றையும் பிடித்துப் பார்ப்பார்கள் என்பதுதான் காரணம், நியாயமான காரணம்.

தீவைச் சுற்றியுள்ள கடல் 1979-லிருந்தே பூங்கா. இறங்குமுன் இயற்கைக் கட்டணம் கட்ட வேண்டும், நாங்கள் போனபோது ஒரு வருடத்துக்கு 40 டாலர். அதோடு, எத்தனை ஆயிரம் டைவ் செய்தவராக இருந்தாலும் முதல் டைவ் கடைக்காரர்கள் சொல்லும் இடத்தில் ஒரு சோதனை டைவ். பலர் இதை நேர விரயம் என்று முனகுவார்கள். எனக்கு இது வரப்பிரசாதம். அங்கேதான் எடையை ஒழுங்காகப் பார்த்தேன். சட்டையில் காற்றே இல்லாமல், சாதாரண மூச்சோடு அசையாமல் நின்றால் தண்ணீர் மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும். மூச்சை வெளியே விட்டால் மெல்ல அமிழ வேண்டும். கோசுமெலில் இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்திருந்தால் கட்டைவிரல் கதையே இருந்திருக்காது.

எங்கே இறங்குவது என்று கேட்பவர்களுக்கு: பாரி ரீஃப் நல்ல தொடக்கம். உப்பு ஏற்றும் பாலமான சால்ட் பியர் எனக்குப் பிடித்தது, தூண்களைச் சுற்றி ஆழம் அதிகமில்லை, ஆனால் கப்பல் நிற்கும் நாளில் இறங்கக் கூடாது. 'ஆயிரம் படி' என்று ஒரு இடம் இருக்கிறது. எண்ணினால் எழுபதைச் சுற்றித்தான் வரும், திரும்பி ஏறும்போதுதான் ஆயிரம். 1984-இல் மூழ்கிய ஹில்மா ஹுக்கர் கப்பலைப் பார்க்க எல்லோரும் கூப்பிடுவார்கள். அடிமட்டம் 30 மீட்டர். அது உங்களுக்கு அல்ல, இப்போதைக்கு. கிழக்குக் கரைப் பக்கம் நோட்டமிடக்கூடப் போகாதீர்கள்.

சான்றிதழ் பெற்ற இருவர் சேர்ந்து வழிகாட்டி இல்லாமல் இறங்க அங்கே தடையில்லை. ஆனாலும் முதல் மூன்று நான்கு டைவுக்கு ஒரு வழிகாட்டிக்குப் பணம் கொடுங்கள். அப்புறம் நீங்களாகவே போகலாம். நீரோட்டத்தை எதிர்த்துத் தொடங்கி, காற்றில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பினால், வரும்போது ஓட்டமே கொண்டுவந்து விடும். போகும்போது பாறை வலது தோள் பக்கம் என்றால் வரும்போது இடது தோள் பக்கம். இவ்வளவுதான் வழி கண்டுபிடிப்பு. வண்டியில் எதையும் வைத்துவிட்டுப் போக வேண்டாம். திருட வருபவன் கண்ணாடியை உடைப்பானேன் என்று ஊர்க்காரர்களே கதவைப் பூட்டாமல் நிறுத்துகிறார்கள்.

வேறு தீவுகள்

குராசோ பொனேருக்குப் பக்கத்துத் தீவு, அதே மாதிரிக் கடல், ஊர் இன்னும் பெரிது. அங்கே 'டக்போட்' என்ற இடத்தில் ஐந்து மீட்டரிலேயே ஒரு சின்ன இழுவைப் படகு மூழ்கிக் கிடக்கிறது. மூழ்கிய கப்பல் பார்க்க வேண்டும் என்ற ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளலாம். குடும்பத்தில் டைவ் செய்யாதவர்கள் அதிகம் என்றால் பொனேரைவிட குராசோ மேல். கடற்கரையும் கடைத்தெருவும் உண்டு. பொனேரில் டைவ் செய்யாதவருக்குக் காற்று வாங்குவதைத் தவிர வேலை குறைவு.

கிராண்ட் கேமன் தண்ணீர் கண்ணாடி. மேற்குக் கரை அமைதி, ஜார்ஜ் டவுனில் கரையிலிருந்தே இறங்கலாம், திருக்கை மீன்கள் சுற்றிவருகிற ஸ்டிங்ரே சிட்டியில் ஆழம் நான்கு மீட்டர்தான். கடைகளும் ஒழுங்கு. செலவுதான் கையைக் கடிக்கும். ஒரு கேமன் டாலர் 1.20 அமெரிக்க டாலர். உணவக அட்டையில் 25 என்று பார்த்து ஆர்டர் செய்து, ரசீது வந்ததும் முழிப்பீர்கள்.

ஹோண்டுராஸின் ரொவட்டான் இதற்கு நேர் எதிர். முழுப் பயிற்சியையும் குறைந்த செலவில் முடிக்க நினைப்பவர்கள் அங்கேதான் போகிறார்கள். ஆஸ்திரேலியாவுக்கு அடுத்த பெரிய பவளத்தொடர் தீவின் வாசலிலேயே ஓடுகிறது. படகில் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் மேடை முடிந்ததும் சுவர்போல் ஆழம் இறங்கும். ஆகவே மேடையிலேயே இருக்கப் பழகுங்கள். மணல் ஈக்கள் கடித்து எடுத்துவிடும், தேங்காய் எண்ணெய் பூசினால் கொஞ்சம் தப்பலாம்.

பார்படோஸின் கார்லைல் பே பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. அமைதியான குடா, மணல் தரை, 1919-இல் மூழ்கிய பெர்வின் உட்பட சில சின்னக் கப்பல்கள் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே, கூடவே ஆமைகள். ஐரோப்பாவிலிருந்து வருபவர்களுக்கு விமானமும் சுலபம்.

இப்போதைக்குத் தள்ளிவைக்க வேண்டியவை: பெலீஸ் நாட்டுக் கடலில் வட்டப் பள்ளமாக இருக்கிற நீலக்குழி (Blue Hole), சாபா தீவு, டொபாகோ தீவு. வானிலிருந்து எடுத்த நீலக்குழியின் படத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேருக்கு இந்த ஆசையே வருகிறது. அதன் சிறப்பு, நாற்பது மீட்டரில் தொங்கும் சுண்ணாம்புக் கல் விழுதுகள். அதாவது உங்கள் எல்லையைப்போல் இரு மடங்குக்கும் மேல். உள்ளே மீனும் பவளமும் அதிகம் இல்லை. விமானத்திலிருந்து பார்த்துவிட்டு வாருங்கள், நல்ல படமும் கிடைக்கும். சாபாவில் புகழ்பெற்ற பாறை உச்சிகளே 25 மீட்டருக்குக் கீழேதான் தொடங்குகின்றன. டொபாகோவில் நீரோட்டம் முரட்டுத்தனம்.

எப்போது போவது?

அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை, உக்கிரம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர். அந்த நேரத்தில்தான் விடுதி மலிவாகக் கிடைக்கும், காரணம் இல்லாமல் இல்லை. பொனேர், குராசோ, அருபா மூன்றும் தெற்கே ஒதுங்கி இருப்பதால் புயல் நேராகத் தாக்குவது அபூர்வம். குழந்தைகளின் கோடை விடுமுறையில் போயாக வேண்டும் என்றால் இந்த மூன்றில் ஒன்றைப் பாருங்கள். தண்ணீர் ஆண்டு முழுக்க 26 முதல் 29 டிகிரி. நம் ஆட்களுக்கு அதுவும் முக்கால் மணி நேரத்தில் நடுங்கும். குளிர் தாங்குகிற ஒட்டுடையான வெட்சூட், மூன்று மில்லிமீட்டர் தடிமனில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படங்களைப் பார்த்து முடிவு செய்வதாக இருந்தால் தேதியைப் பாருங்கள். 2014-இல் ஃபுளோரிடாவில் தொடங்கிய, பவளத்தின் திசுவை அழிக்கும் நோய் 2018-இல் கோசுமெலுக்கும், 2020-இல் கேமனுக்கும் ரொவட்டானுக்கும், 2023-இல் பொனேருக்கும் வந்து சேர்ந்தது. பத்து வருடத்துக்கு முந்தைய படத்தில் இருக்கிற மூளைப் பவளம் இப்போது வெள்ளை எலும்பாக நிற்கலாம். தீவு விட்டுத் தீவு போகும்போது உபகரணங்களைக் கழுவி, கிருமி நீக்கச் சொல்வதைச் சலிக்காமல் செய்யுங்கள்.

கடைக்கு எழுதும் மின்னஞ்சல்

பணம் கட்டுவதற்கு முன் கடைக்கு எழுதிக் கேளுங்கள். என் முதல் வரி எப்போதும் இதுதான்: "நான் இதுவரை செய்தது இத்தனை டைவ், கடைசியாக இறங்கியது இந்த மாதம்." இதைப் படித்ததும் பழகியதை நினைவுபடுத்தும் பயிற்சி ஒன்றை அவர்களே சொன்னால் நல்ல கடை. "கவலை வேண்டாம், வாருங்கள்" என்று மட்டும் பதில் வந்தால் நான் வேறு கடை பார்ப்பேன். ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். பயிற்சி அமைப்புகளின் விதிப்படி ஓப்பன் வாட்டர் வகுப்பில் எட்டுப் பேர் வரை இருக்கலாம். எனக்கு நாலுக்கு மேல் இருந்தால் மனம் ஒப்பாது. அப்புறம், டைவிங் விபத்தில் சிக்கியவரை வைத்துக் குணப்படுத்துகிற அழுத்தச் சிகிச்சை அறை எங்கே இருக்கிறது? நான் மேலே சிபாரிசு செய்த தீவுகளில் பொனேர், குராசோ, கிராண்ட் கேமன், ரொவட்டான் நான்கிலும் உண்டு. டைவிங் விபத்துக்கென்று தனிக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் போன்ற அமைப்புகள் தருகின்றன. சாதாரணப் பயணக் காப்பீட்டில் சின்ன எழுத்தில் ஸ்கூபாவை விலக்கியிருப்பார்கள்.

மருத்துவப் படிவத்தை வீட்டிலிருந்தே நிரப்பிப் பாருங்கள். ஆஸ்துமா, இதயம், காது அறுவை சிகிச்சை, ரத்த அழுத்த மாத்திரை என்று ஏதாவது ஒன்றில் 'ஆம்' போட்டால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் இறக்கமாட்டார்கள். தீவுக்குப் போன பிறகு மருத்துவரைத் தேடி ஒரு நாள் வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும். பொய்யாக 'இல்லை' போட்டவர்களையும் தெரியும். முதல் கூட்டத்தில் இருப்பது மேல். சளி பிடித்திருந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். பாதியில் மருந்து வேகம் குறைந்தால் காது அடைத்துக்கொண்டு மேலே வரவே திண்டாட வேண்டியிருக்கும்.

நேரம் குறைவு என்றால், பாடத்தையும் நீச்சல்குளப் பயிற்சியையும் உங்கள் ஊரிலேயே முடித்துவிட்டு, கடலில் செய்ய வேண்டிய நான்கு டைவை மட்டும் தீவில் செய்யலாம். முதலிலேயே இரண்டு கடைக்கும் சொல்லிக் கடிதம் வாங்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான். என்னைப்போல் கலங்கல் ஏரியில் நடுங்குவதற்கு இது எவ்வளவோ தேவலை. அமெரிக்காவில் இந்தியக் கடவுச்சீட்டோடு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தீவின் விசாவை மட்டும் பார்த்தால் போதாது, திரும்பி நுழைய உங்கள் விசா முத்திரை செல்லுபடியாகிறதா என்றும் டிக்கெட்டுக்கு முன்னாலேயே பாருங்கள்.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே, பல நாள் தொடர்ந்து இறங்கியிருந்தால் 18 மணி நேரமாவது இருக்க வேண்டும். நான் ஒரு முழு நாள் விடுவேன். விமானம் காலையிலா மாலையிலா என்று பார்த்துத்தான் டைவ்களைப் பதிவு செய்ய வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்து கடைசி நாள் பணத்தை இழப்பவர்கள் நிறைய. பொனேரில் அந்த நாளுக்கு எங்களிடம் திட்டம் தயார்: காலையில் உபகரணங்களை நன்னீரில் அலசிக் காயப்போட்டுவிட்டு, தெற்கே உப்பளம் வரை வண்டியில் போய் ஃபிளமிங்கோ பார்ப்பது, வழியில் சாலைக்கு நடுவே நிற்கும் கழுதைகளுக்கு ஹாரன் அடிக்காமல் காத்திருப்பது, மதியம் சுரினாம்காரர் கடையில் உருளைக்கிழங்கு மசாலா வைத்த ரொட்டி. சைவம் என்று சொன்னால் முட்டையை எடுத்துவிட்டுத் தருவார்கள்.

மனைவியின் டைவ் குறிப்பேட்டில் அந்த வாரத்துக்கு ஐந்து பதிவுகள் இருக்கின்றன. முதல் பதிவில் ஆழம் 1.2 மீட்டர், நேரம் 4 நிமிடம். அதை ஏன் எழுதினாய், அது டைவ் கணக்கிலேயே வராதே என்றேன். வரும் என்றார்.